பறி கவ்விய வாய்

சண்டை போட ஆள் கிடைக்காமல் நாகம்மாள் தவித்த ஒன்பது மாதத்தையும் கிட்டத்திலிருந்து பார்த்தவள் நான். பழவேற்காடு ஏரிக்கரை ஊர்களில் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தம் பார்ப்பதும் மாத்திரை கொடுப்பதும் என் வேலை. நாகம்மாள் வீட்டுக்குப் போகிற நாளில் எனக்கே அழுத்தம் பார்க்க வேண்டும். அவள் குரல் தெருமுனையில் கேட்டாலே ஏறிவிடும்.

அவள் கணவர் மாசிலாமணியும் லேசுப்பட்டவர் இல்லை. இவள் ஒன்று சொன்னால் அவர் ஒன்பது சொல்வார். இருபத்தாறு வருடம் இருவரும் ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, கையால் தடவி இறால் பிடித்தார்கள். கரையேறியதும் விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்ந்தார்கள். தை மாதம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்தது, பேச்சும் போனது. நாம் சொல்வதெல்லாம் புரியும், பதில்தான் வராது.

விடாமல் பேசப் பழக்குங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். நாங்களும் விடவில்லை. போகிறவர் வருகிறவர் எல்லாம், நான் உட்பட, "வாயத் தொற, அம்மா சொல்லு" என்று குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி நச்சரித்தோம். அவர் வாயைத் திறப்பார், காற்று வரும், கண்ணில் தண்ணீர் வரும். கடைசியில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

"ஒரே ஒரு வார்த்தை திட்டினாப் போதும் சுதா. நான் மட்டுந்தான் கத்திகினு கீறேன். சுவத்தாண்ட பேசற மாரி கீது" என்றாள் நாகம்மாள். அதைச் சொன்னபோது அவள் குரல் தெருமுனை வரைக்கும்கூடப் போகவில்லை.

ஆடிக் கடைசியில் சென்னையிலிருந்து ஒரு வேனில் 'கலை வழி மனநலம்' முகாம் வந்து இறங்கியது. பேனரில் ஒரு வெள்ளைக்காரப் பெண் தண்ணீர் ஓரமாகக் கண்மூடி உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் ஓரமாக எப்படி உட்கார்வது என்று எங்கள் ஊருக்கு அவள்தான் கற்றுத்தர வேண்டியிருந்தது! நாற்பது பேரைக் கூட்டி வருவது என் பொறுப்பு. பிரியாணி உண்டு என்று ஒரு வார்த்தை விட்டேன். எழுபது பேருக்கு மனநலத்தில் திடீர் அக்கறை பிறந்தது.

முதலில் ஓவியம். மனதில் இருப்பதை வரையுங்கள் என்று வினோதினி என்ற பெண் ஆளுக்கொரு தாளும் கிரேயானும் கொடுத்தாள். நாகம்மாள் தாள் முழுக்கப் பழுப்பைத் தேய்த்து வைத்தாள்.

வினோதினி முகம் வாடிவிட்டது. "எவ்வளவு இருட்டு! உள்ள எவ்வளவு வலி இருக்கும்மா உங்களுக்கு?"

"வலியா? ஏரிம்மா அது. சேறு பின்ன இன்னா ரோஸ் கலர்லயா இருக்கும்?"

மாசிலாமணியின் இடது கையில் ஒரு மஞ்சள் கிரேயானைத் திணித்தார்கள். அவர் அதைத் தரையில் அழுத்தி ஒடித்துப் போட்டார். அன்றைய கலைப் படைப்புகளில் எனக்குப் புரிந்தது அது ஒன்றுதான்.

அடுத்து இசை. ராகுல் என்ற பையன் கிடாரைச் சுருதி சேர்த்துக்கொண்டே, "தண்ணியில வேலை செய்யும்போது பாடுவீங்களே, அந்தப் பாட்டைப் பாடுங்கம்மா. அதுலதான் மருந்தே இருக்கு" என்றான்.

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "பாட்டா? வாயில பறியக் கவ்விகினு இன்னாத்தப் பாடறது?" என்றாள் நாகம்மாள்.

பறி என்பது ஓலைக்கூடை. இரண்டு கையும் தண்ணீருக்கடியில் சேற்றைத் துழாவிக்கொண்டிருக்கும். அகப்பட்ட இறாலைப் போடுவதற்குப் பறியின் கயிற்றைப் பல்லால் கவ்விக்கொள்ள வேண்டும். வாயைத் திறந்தால் அன்றைய பாடு ஏரிக்கே திரும்பிவிடும். இந்தத் தகவல் ராகுல் படித்த புத்தகங்களில் இருக்கவில்லை போலும்.

"அப்போ ஒருத்தரை ஒருத்தர் எப்படிக் கூப்பிடுவீங்க?" என்று கேட்டான். அன்றைக்கு வந்த ஒரே நல்ல கேள்வி. கேட்கும்போது கிடாரைக் கீழே வைத்துவிட்டான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நாகம்மாள் உதட்டை இறுக்கி மூக்கால் முனகிக் காட்டினாள், குட்டையாக, கடைசியில் தூக்கி. "இங்க இறால் நிறைய கீது, வான்னு அர்த்தம்." எல்லோரும் சிரிக்கவும் இன்னொரு தடவை முனகினாள்.

பின்னாலிருந்து பதில் வந்தது. தாழ்ந்து, இழுத்து, நடுவில் உடைந்த முனகல். மாசிலாமணி. அவர் வாய் மூடியே இருந்தது.

"சூப்பர்! ரெஸ்பான்ட் பண்றாரு!" என்று கைதட்டினாள் வினோதினி. போனை எடுத்துப் படம் பிடித்தாள். எங்கள் பெண்கள் யாரும் தட்டவில்லை.

"இன்னாக்கா சொன்னாரு?" என்று கேட்டேன்.

"பள்ளம் கீதாம்" என்றாள் நாகம்மாள். "வராதேன்றாரு."

ஏழு மாதமாக அந்த மனிதர் தன்னந்தனியாக எங்கே நின்றுகொண்டிருந்தார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மூடிய வாயால் பேசியே பாதி வாழ்க்கையைக் கழித்தவரிடம், திற திற என்று உயிரை எடுத்திருக்கிறோம்.

நாகம்மாள் சொன்னபேச்சு கேட்டு வளர்ந்தவள் இல்லை. நேராகப் போய் அவரை ஒட்டி உட்கார்ந்து தானும் ஏதோ முனகினாள். அதற்கு அர்த்தம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

கிடார் இசையால் பேச்சு திரும்பியது என்று முகாம் அறிக்கையில் எழுதினார்கள். பேச்சு திரும்பவில்லை. கிடாரை யாரும் வாசிக்கவும் இல்லை. பிரியாணி மட்டும் உண்மை.

ஆனால் அடுத்த சனிக்கிழமை ராகுல் பொன்னேரியில் ரயிலை விட்டிறங்கி, பஸ் பிடித்துத் தனியாக வந்தான். முனகுகிற அதே இழுப்பின்மேல் ஒரு சொல்லை ஏற்றி, இடது கையால் தொடையில் தட்டிக்கொண்டே பாட வேண்டும் என்று காட்டினான். சிலருக்குப் பேச்சு போனாலும் பாட்டு போகாதாம். முகாம் அன்றே இதைச் சொல்லியிருந்தால் எத்தனையோ கிரேயான் மிச்சமாகியிருக்கும். அதற்கப்புறம் எல்லாச் சனிக்கிழமையும் வந்தான்.

நாகம்மாள் தேர்ந்தெடுத்த சொல் அவளுடைய பெயர். மாசிலாமணி "ம்ம்மா" வரைக்கும் வந்து நின்றுவிடுவார். அவள் பொறுமையின் அளவு ஊருக்கே தெரியும். பத்து வாரம் தாங்கினாள்.

ஐப்பசியில் ஒரு காலை நான் மாத்திரையோடு போனபோது உள்ளே கத்திக்கொண்டிருந்தாள். "பேரச் சொல்றதுக்கு இன்னாய்யா வலி உனக்கு? கட்டிகினு இருபத்தாறு வருசமாச்சி, ஒரு நாளாவது பேரு சொல்லிக் கூப்ட்டியா? இப்ப மட்டும் எங்கருந்து வரும்? நோவு ஒரு சாக்கு!"

தொடையில் தட்டும் சத்தம் கேட்டது. ஒரு தடவை. இன்னொரு தடவை. பிறகு ராகத்தோடு, தெளிவாக, "போ… டீ."

நாகம்மாள் வாசலுக்கு ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அழுதுகொண்டிருந்தாள். "போடின்றாரு சுதா! கேட்டியா? என்னப் போடின்றாரு!" என்று தெருவுக்கே கேட்கும்படி கூவினாள். அப்புறம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே திரும்பினாள். "இன்னாய்யா சொன்ன? யாரப் போடின்ற நீ?"

மாத்திரையை வாசலிலேயே வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். அந்தச் சண்டை முடிய எப்படியும் மதியமாகும்.