அடுத்த மாச எடை

செந்துறையில சீக்கிரமே பஸ் கிடைச்சதால, இன்னிக்கு மகளைக் கூப்பிட நானே பால்வாடிக்குப் போனேன். டீச்சர் எடை நோட்டு எழுதிட்டிருந்தாங்க.

எட்டிப் பாத்தா, என் மக பேருக்கு நேரா அடுத்த மாச எடையும் இருக்கு!

"என்ன டீச்சர் இது?"

"தராசு பொங்கலப்பவே உடைஞ்சிருச்சுங்க. எடை குறைஞ்சா சூப்பர்வைசர் என்னையத்தான் திட்டுவாங்க. அதான் மாசம் கால் கிலோ ஏத்திடுறேன்."

"அப்ப எடை குறைஞ்ச பிள்ளைங்களுக்குத் தர்ற கூடுதல் சத்துமாவு?"

"நம்ம ஊர்ல அப்படி யாருமே இல்லையேங்க!" நோட்டையே திருப்பிக் காட்டுறாங்க.

பக்கத்து வூட்டுப் பாப்பா குடும்பத்தோட திருப்பூர் போயி ரெண்டு மாசமாச்சு. நோட்டுல அவளும் அரைக் கிலோ ஏறியிருக்கா.

என் மக இடுப்புல பாவாடை நிக்க மாட்டேங்குது. உங்க பிள்ளைங்க நோட்டுலயாவது சாப்பிடுறாங்களா?