சொந்த வண்டியில் கை வைக்காதவர்கள்

எங்கள் ஷெட்டில் ஒரே ஒரு சட்டம்தான். ஞாயிற்றுக்கிழமை அவரவர் வண்டியில் அவரவர் கை வைக்கக் கூடாது. யாருடைய முறையோ அவருடைய வண்டி நடுவில் நிற்கும். மற்றவர்கள் அதைக் கழற்றுவார்கள், தட்டுவார்கள், பிடிக்காததை வெட்டி எறிவார்கள், புதிதாக ஏதாவது பொருத்துவார்கள். சொந்தக்காரர் மூலையில் ஸ்டவ்வைப் பற்றவைத்து எல்லோருக்கும் டீ போட வேண்டும். வேலை முடிந்ததும் என்ன செய்தார்கள் என்று குனிந்துகூடப் பார்க்காமல் ஏறி உட்கார்ந்து ஓட்டிக் காட்ட வேண்டும்.

தன் பிள்ளையின் கோணல் பல் பெற்றவர்கள் கண்ணுக்குத் தெரியாது, அதனால்தான் இந்த ஏற்பாடு என்று வெளியாட்களிடம் சொல்லிக்கொள்வோம். அது சும்மா. இன்னொருவன் மாதக்கணக்கில் உட்கார்ந்து செய்ததை அவன் கண்ணெதிரிலேயே அறுத்துப் போடுவதில் ஒரு சுகம் இருக்கிறது. அந்தச் சுகத்துக்காகத்தான் வாரா வாரம் குளிரில் கூடினோம். வேறு யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், நான் ஒத்துக்கொள்கிறேன்.

முதலில் நாங்கள் மூன்று பேர். நான் குன்னூர் பக்கம் ஒரு டீ ஃபேக்டரியில் எலக்ட்ரீசியன். இன்னொருவர் ஊட்டி மார்க்கெட்டில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர், எங்களுக்கெல்லாம் பாய். மூன்றாமவர் ஊட்டிக்கு மேலே கேரட் போடும் படுகர், அவரைத் தோட்டக்காரர் என்போம். கேரட் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் ஷெட் அவருடையது. எங்கள் வண்டி என்றால், எஸ்டேட் ஏலத்தில் விட்ட ஜீப்பின் சேஸிஸ், எங்கோ மழையில் கிடந்த வேனின் இன்ஜின், டிரம் தகரத்தில் தட்டிய உடம்பு, கூரை கிடையாது, இன்ஜினுக்கு மூடியும் கிடையாது. இதற்கு வெளிநாட்டில் ஹாட் ராட் என்று பெயராம், கைபேசியில் பார்த்துத் தெரிந்துகொண்டோம். என் மனைவி வைத்த பெயர் வேறு, அதை அச்சில் போட முடியாது. ரோட்டில் எடுத்தால் ஆர்.டி.ஓ. பிடித்துவிடுவார் என்பதால், தோட்டக்காரரின் நிலத்துக்குள்ளேயே ஓடையிலிருந்து ஷெட் வரை ஏழு வளைவுகளோடு ஏறும் மண்பாதைதான் எங்கள் மைதானம்.

நாலாவதாக வந்தவர் கீழே கூடலூர் பக்கத்துத் தேவாலாக்காரர். அங்கே ஒரு எஸ்டேட் ஃபேக்டரியில் ஃபிட்டர். அப்பா அம்மா சிலோனிலிருந்து வந்தவர்கள், இவர் பிறந்தது தேவாலாவில், எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில். என்னைவிடப் பத்து வயது இளையவர். வாய் அதிகம் பேசாது, கை பேசும். தன் வண்டியை இலை ஏற்றும் லாரியில் போட்டு முதன்முறை மேலே கொண்டுவந்தபோது அதைச் சுற்றிவந்து பார்த்த பாய், "மாப்பிள்ளை, இதுல வெட்டறதுக்கு ஒண்ணுமில்லயே" என்று ஏமாற்றத்தோடு சொன்னார். எனக்கு அன்றைக்கே தேவாலாக்காரரைப் பிடிக்காமல் போய்விட்டது.

அடுத்து என் வண்டியின் முறை வந்தது. பின்பக்கம் சேஸிஸை நீட்டி நானே வெல்டிங் வைத்திருந்தேன். பதினைந்து நாள் ஷிஃப்ட் முடித்துவந்து செய்த வேலை. தேவாலாக்காரர் சின்னச் சுத்தியலால் அந்த ஒட்டைத் தட்டி, காதை வைத்துக் கேட்டார். மறுபடி தட்டினார்.

"இது நிக்காதுங்கண்ணே. நேரா போறப்ப தெரியாது. வளைவுல வாயத் தொறந்துரும்."

நான் டீ வடிகட்டியோடு நின்றுகொண்டிருந்தேன். அவர் கிரைண்டரை எடுத்தார். நெருப்புப் பொறி பறந்து முடிந்ததும் வெட்டிய துண்டை என் காலடியில் வைத்தார். உள்ளே பாதி இடத்தில் வெல்டிங் இறங்கவே இல்லை, இடைவெளியில் சுண்டுவிரல் போகும்.

"கரண்டு ஆளு வெச்ச வெல்டிங் இல்லீங்களா," என்றார் பாய். "விட்டு விட்டுத்தான் வரும்."

தோட்டக்காரர் சிரித்துச் சிரித்து இருமலில் போய் முடித்தார். தேவாலாக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. "நான் சரியா வெச்சுத் தர்றேண்ணே" என்றார். அவரும் சிரித்திருந்தால் ஒருவேளை அன்றோடு விட்டிருப்பேன். அவர் சொன்னது சரியாக இருந்ததும், அதைப் பணிவாகச் சொன்னதும், இரண்டும்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

அந்த மாதக் கடைசியில் பாய் ஒரு செய்தி கொண்டுவந்தார். அவலாஞ்சி போகும் வழியில் தங்கும் விடுதி நடத்துகிறவர் ஒருவருக்கு ஆள் தேவைப்பட்டது. விருந்தாளிகளைக் காட்டுப்பக்கம் கூட்டிப்போக அவர் மூன்று பழைய ஜீப்கள் வைத்திருந்தார். அவற்றைப் பழுது பார்க்கவும் ஓட்டவும் ஒரே ஆள் வேண்டும், விடுதிக்குப் பின்னால் இரண்டு அறை வீடு தருவார். ஆளுடைய கைவேலையை நேரில் பார்த்துவிட்டு முடிவு செய்வதாகச் சொல்லியிருந்தார்.

தேவாலாக்காரருக்கு அது எவ்வளவு தேவை என்று எங்கள் மூவருக்கும் தெரியும். அவருடைய ஃபேக்டரியை மூடிவிட்டார்கள். மழை முடிவதற்குள் லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். மனைவி கொழுந்து பறிப்பவர், அந்த வேலையும் போயிற்று. பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண் பிள்ளைகள். அடுத்த ஞாயிறு அவர் வண்டியின் முறை, விடுதிக்காரர் அன்றைக்கே வருகிறார் என்று ஏற்பாடாயிற்று.

அந்த ஞாயிறு லாரியில் வண்டியோடு குடும்பமும் வந்தது. வேலை கிடைத்தால் அப்படியே வீட்டையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று மனைவியும் பெண்களும் நல்ல துணி உடுத்தியிருந்தார்கள். தோட்டக்காரர் அவர்களுக்குக் கேரட் மூட்டைகள் மேல் சாக்கு விரித்து இடம் கொடுத்தார்.

வேலையைப் பிரித்துக்கொண்டோம். ஸ்டியரிங் பாய்க்கு, சக்கரங்கள் தோட்டக்காரருக்கு, கார்புரேட்டர் எனக்கு. தேவாலாக்காரர் ஸ்டவ் பக்கம் போகும் முன் என்னிடம் வந்து ஒரு மாத்திரை டப்பாவைக் கொடுத்தார். உள்ளே பஞ்சில் சுற்றி, இன்ஜினுக்குப் பெட்ரோலை அளந்து விடும் ஒரு பித்தளை ஜெட் இருந்தது.

"கீழ இழுவைக்காகப் பெரிய ஜெட்டு போட்டிருக்கேண்ணே. இங்க காத்து கம்மி, பெட்ரோல் அதிகமாயி அடைச்சுக்கும். அத எடுத்துட்டு இதப் போட்டுருங்க."

அவர் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை. மலையில் வண்டி வைத்திருக்கும் எவனுக்கும் தெரிந்த விஷயம் அது. உயரம் ஏற ஏற ஜெட்டின் ஓட்டை சின்னதாக வேண்டும். தேவாலாவில் சிங்கம் போல ஓடும் வண்டி ஊட்டிக்கு மேலே கரும்புகை கக்கி நின்றுவிடும்.

கார்புரேட்டரைக் கழற்றினேன். கிண்ணத்தைத் திறந்து பெரிய ஜெட்டை வெளியே எடுத்தேன். பெட்ரோலில் கழுவினேன், ஊதினேன், வெளிச்சத்தில் தூக்கி ஓட்டையைப் பார்த்தேன். பிறகு அதையே திரும்ப உள்ளே போட்டு இறுக்கினேன். கை நடுங்கியது என்று எழுத ஆசைதான். நடுங்கவில்லை. மாத்திரை டப்பாவிலிருந்ததை, கேரட் கழுவிய சேற்றுத் தண்ணீர் ஓடும் வாய்க்காலில் போட்டுவிட்டு வந்தேன்.

"மாத்தியாச்சுங்களாண்ணே?" என்று ஸ்டவ் பக்கமிருந்து கேட்டார்.

"ஆச்சு."

அவர் எனக்கு இஞ்சி தட்டிப் போட்ட டீயை முதல் ஆளாகக் கொண்டுவந்து கொடுத்தார். குடித்தேன்.

விடுதிக்காரர் குடையைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தபோது லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. வண்டியை ஓடை வரை மெதுவாக இறக்கினார் தேவாலாக்காரர், இறக்கத்தில் ஒன்றும் தெரியவில்லை. மேலே நின்று எல்லோரும் பார்த்தோம். முதல் வளைவில் ஏறும்போதே பின்னால் புகை கறுத்தது. இரண்டாவதில் இன்ஜின் விக்கியது. மூன்றாவதில் நின்றது. ஸ்டார்ட் செய்தார், கொஞ்சம் நகர்ந்து மறுபடி நின்றது. திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்யச் செய்யப் பெட்ரோல் வாடைதான் மேலே வந்தது. அப்புறம் அதுவும் இல்லை, பேட்டரி மட்டும் முனகியது.

அவருடைய மனைவியும் பெண்களும் சேற்றில் இறங்கி ஓடினார்கள். மூன்று பேரும் பின்னால் நின்று தள்ளினார்கள். ஒருமுறை இன்ஜின் பிடித்து, இருந்த புகையையெல்லாம் ஒரே மூச்சில் அவர்கள் மேல் விட்டுவிட்டு அணைந்தது. பெரிய பெண்ணின் மஞ்சள் சுடிதார் கரியாகிவிட்டது. சின்னவள் சேற்றில் முழங்கால் ஊன்றி எழுந்து அக்காவைப் பார்த்தாள், பிறகு மேலே நின்றிருந்த எங்களைப் பார்த்தாள். நாங்களும் இறங்கித் தள்ளியிருக்கலாம். பாய் ஒரு அடி எடுத்து வைத்தார். "சேறுங்க பாய், வழுக்கும்" என்று நான்தான் தடுத்தேன்.

விடுதிக்காரர் என் பக்கம் திரும்பினார். "ஆளு எப்படிங்க?"

"தகரம் தட்டறதுல கெட்டிக்காரருங்க," என்றேன். "இன்ஜினுக்கு நீங்க வேற ஆளு பாத்துக்கறது நல்லது."

அவர் தலையாட்டிவிட்டு, தூறல் பெரிதாகும் முன் கிளம்பிவிட்டார். அந்த வேலை எனக்குத் தேவையில்லை, எனக்கு ஃபேக்டரி சம்பளமும் குவார்ட்டர்ஸும் இருக்கின்றன. பிற்பாடு அங்கே சேர்ந்த ஆளுக்கு ஜீப்பின் டயர் மாற்றவே இரண்டு பேர் உதவி வேண்டியிருக்கிறது என்று பாய் சொன்னார். நான் செய்ததால் யாருக்கும் எந்த லாபமும் இல்லை. எனக்குக் கிடைத்தது திருப்தி. அது உண்மையான திருப்தி, அன்று இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து தேவாலாக்காரர் பஸ்ஸில் வந்தார். வண்டி வரவில்லை. கூடலூரில் பஸ் மாறி, ஊட்டியில் மாறி, கடைசியில் நடந்து, நனைந்துகொண்டு வந்தார். அன்று என் வண்டியின் முறை. பிரேக் முழுவதும் மாற்ற வேண்டியிருந்தது.

"பிரேக்க நான் பாக்கறேங்க," என்றார்.

தோட்டக்காரரும் பாயும் சரி என்றார்கள். எனக்கு ஸ்டவ்வைப் பற்றவைக்க மூன்று தீக்குச்சி ஆயிற்று. வீட்டுக்குப் போனதும் அவர் கார்புரேட்டரைத் திறந்திருப்பார் என்று எனக்குத் தெரியும். ஃபிட்டர் வேறென்ன செய்வார்? திறந்து, உள்ளே உட்கார்ந்திருந்த அந்தப் பெரிய ஜெட்டைப் பார்த்திருப்பார். ஆனால் முகத்தில் எதுவுமில்லை. வழக்கம்போல "அண்ணே" என்றார், வழக்கம்போல குறைந்த வார்த்தை. மத்தியானம் வரை என் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். அவர் கால்கள் மட்டும் எனக்குத் தெரிந்தன.

முடித்து வெளியே வந்து, பழைய துணியில் கையைத் துடைத்தபடி, "ஓட்டிப் பாருங்கண்ணே" என்றார்.

ஏறி உட்கார்ந்தேன். முன்னால் பாதை ஓடையை நோக்கி இறங்கியது. ஒரு பக்கம் கேரட் வயல், இன்னொரு பக்கம் பள்ளம். பெடலை மிதித்துப் பார்த்தேன், கெட்டியாகத்தான் இருந்தது. நின்ற இடத்தில் கெட்டியாக இருப்பது பாதி வழியில் இருக்க வேண்டும் என்று என்ன அவசியம். நானாக இருந்தால் எந்த நட்டை எத்தனை சுற்று தளர்த்தியிருப்பேன் என்று எனக்கு அத்துப்படியாகத் தெரிந்தது. அதனாலேயே என்னால் நகர முடியவில்லை.

இறங்கினேன். டார்ச்சை எடுத்துக்கொண்டு, அந்த ஷெட்டில் யாரும் செய்யாததைச் செய்தேன். என் வண்டிக்கு அடியில் நானே தவழ்ந்து போனேன். ஒவ்வொரு நட்டிலும் ஸ்பேனரைப் போட்டேன். நாலு சக்கரத்தையும் கழற்றினேன். மூவரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு குறையும் இல்லை. பிரேக் குழாய் அழகாக வளைத்துப் பொருத்தப்பட்டிருந்தது. நட்டு கழலாமல் இருக்கப் போடும் பின்கள் எல்லாம் மடக்கப்பட்டிருந்தன. பல நாளாகக் கசிந்துகொண்டிருந்த, நான் சொல்லாமல் மறைத்துவைத்திருந்த ஒரு இடத்தையும் கண்டுபிடித்துச் சரி செய்திருந்தார்.

வெளியே வந்தபோது தோட்டக்காரர் கேட்டார். "ஏனுங்க, அவரு வேலை மேல உங்களுக்கு என்னங்க சந்தேகம்?"

நான் டார்ச்சை அணைத்தேன். பாய் என் முகத்தைப் பார்த்தார், தேவாலாக்காரரின் முகத்தைப் பார்த்தார். வியாபாரி அல்லவா, அவருக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. "அன்னிக்கு கார்புரேட்டர் நீங்கதானே பாத்தீங்க?" என்று மட்டும் கேட்டார்.

தேவாலாக்காரர் துணியை மடித்துப் பெஞ்சில் வைத்தார். "விடுங்க பாய்," என்றார். பிறகு என்னிடம், குரலை உயர்த்தாமல், "பயப்படாதீங்கண்ணே. உங்க வண்டியில நான் வேலைதான் செஞ்சிருக்கேன்" என்றார்.

நான் போட்ட டீயைக் குடித்தார். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார். பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று கிளம்பிவிட்டார். தடுத்து நிறுத்தி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஓடை வரை அவர் நடந்து போவது தெரிந்துகொண்டேதான் இருந்தது. நான் சக்கரங்களைத் திரும்ப மாட்டிக்கொண்டிருந்தேன்.

மழை முடிந்ததும் அவர்கள் திருப்பூருக்குப் போய்விட்டார்கள். பனியன் கம்பெனியில் மூத்த பெண்ணும் வேலைக்குப் போகிறாள், பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார்கள் என்று பாயிடம் யாரோ சொன்னார்களாம். வண்டியைக் கூடலூரில் பழைய இரும்புக்குப் போட்டாயிற்று. பாய் இதையெல்லாம் என்னிடம் நேரில் சொல்லவில்லை, நான் இருக்கும்போது தோட்டக்காரரிடம் சத்தமாகச் சொன்னார்.

தேவாலாக்காரர் போட்டுத் தந்த பிரேக் இன்றைக்கும் மிதித்த இடத்தில் நிற்கிறது. ஏழாவது வளைவில், நல்ல மழையில், சேற்றில்கூட இம்மி வழுக்குவதில்லை. ஒவ்வொரு முறை அது பிடிக்கும்போதும் எனக்கு வருத்தம் வர வேண்டும். வருவது அவர் மேல் கோபம்தான்.