கையில் கொடுத்த வண்டிச் சாவி

ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவனுக்கும் கூடப் போகிறவனுக்கும் முதலுதவிச் சான்றிதழ் கட்டாயம், இல்லாதவன் வண்டியில் ஏறக்கூடாது என்று எங்கள் முதலாளி ஒரு நாள் காலையில் சொன்னார். லைசென்ஸ், பேட்ஜ், கண் பரிசோதனை எல்லாம் முடித்துத்தான் அந்த சீட்டில் உட்கார்ந்திருந்தேன். ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில், காவடிகளுக்கு நடுவே, ஒருவர் காலிலும் ஏற்றாமல் வண்டியைக் கொண்டுபோகிறவனைப் பார்த்து வகுப்பில் போய் உட்கார் என்றால் கோபம் வராதா? வந்தது. எனக்குக் கோபம் வரக் காரணமே தேவையில்லை என்பாள் என் மனைவி.

கூடப் போகிறவன் அவளுடைய தம்பி. பொதட்டூர்பேட்டையில் தறி ஓட்டிக்கொண்டிருந்தவனை நான்தான் இந்த வேலைக்கு இழுத்து வந்தேன். அவர்கள் வீட்டில் தெலுங்கு. அக்கா புருஷன் என்பதால் நான் அவனுக்குப் பாவா. ராத்திரி உட்கார்ந்து கொஞ்சம் படிக்கலாமே என்று கேட்டான். எனக்குப் படிக்க ஒன்றும் இல்லை, நான் பார்க்காத நோயாளியா என்று அவன் வாயை அடைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாண மண்டபத்தில் வகுப்பு. நடத்தியவர் ஒரு நர்ஸம்மா. குரலை உயர்த்தாமல் பேசினார், அதுவே எனக்கு எரிச்சல். மற்ற டிரைவர்கள் வாய் திறப்பதற்குள் எல்லாக் கேள்விக்கும் நான் கத்தினேன். ரத்தம் கொட்டினால் துணியை வைத்து அழுத்து. பாம்பு கடித்தால் கட்டுப் போடாதே, ஆஸ்பத்திரிக்கு விடு. சரி, சரி என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மதியம் செய்முறைத் தேர்வு. எங்கள் வண்டியையே வாசலில் நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டு, என்னை ஸ்டியரிங் முன் உட்கார வைத்தார். ஸ்ட்ரெச்சரில் நோயாளியாக மச்சான். வண்டியில் வேறு ஆள் இல்லை, பாதி வழியில் இவருக்கு வலிப்பு வந்துவிட்டது, என்ன செய்வீர்கள் என்று கேட்டார்.

மச்சான் ஸ்ட்ரெச்சரே உடைகிற மாதிரி துள்ளினான். நான் யோசிக்கவே இல்லை. இன்ஜினை அணைத்தேன், சாவியை உருவினேன், பின்பக்கம் ஓடி அவன் உள்ளங்கையில் சாவியை வைத்து விரல்களை மடக்கி இறுக்கிப் பிடித்தேன். அவனும் உடனே அடங்கிவிட்டான். பார்த்தாயா என்று நர்ஸம்மாவைத் திரும்பிப் பார்த்தேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. சுற்றி நின்ற டிரைவர்கள் அத்தனை பேரும் அதையேதான் செய்திருப்பார்கள். மணவூர்க்காரர் ஒருவர் மட்டும் குறை கண்டார்.

"சாவி சின்னதுப்பா. ஜாக்கி ராடு குடுத்திருக்கணும்."

நர்ஸம்மா அவரையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "சரிங்க, சாவி அவர் கையில இருக்குது. ஆஸ்பத்திரிக்கு வண்டி எதுல போவும்?"

இரும்பு பட்டால் வலிப்பு நிற்கும், என் கண்ணால் பார்த்திருக்கிறேன் என்று சண்டைக்குப் போனேன். பெரும்பாலும் கொஞ்ச நேரத்தில் அது தானாகவே நிற்கும், நீங்கள் சாவியைத் தேடிக் கொடுப்பதற்குள் அந்த நேரம் ஆகிவிடுகிறது என்றார். அதோடு விட்டிருக்கலாம். நோயாளி எழுந்து உட்கார்ந்தான்.

"மேடம், நகரி ரோட்டுல ஒருத்தர் சாவியப் புடிச்சுகினு வுடவே இல்ல. பாவா வெரலப் பிரிச்சுகினு நடுரோட்டுல நின்னுகினு இருந்தாரு. பின்னாடி அத்தினி வண்டியும் ஹாரன் அடிக்குது."

இப்போதுதான் எல்லோரும் சிரித்தார்கள்.

மச்சான் தேறினான், நான் தேறவில்லை. அடுத்த வகுப்பு வரும்வரை முதலாளி வேறொரு டிரைவரைப் போட்டார். அவன் நிலைத்துவிட்டால் என் சீட் போனதுதான். நான் வண்டியைக் கழுவினேன். கழுவின வண்டியில் மச்சான் ஏறிப் போவான். வீட்டில் அக்காவும் தம்பியும் தெலுங்கில் பேசிச் சிரிப்பார்கள். எனக்குத் தெலுங்கு நன்றாகப் புரியும், அதுதான் சங்கடம்.

இரண்டாம் முறை தேறினேன். வலிப்பு வந்தவரைச் சுற்றி அடிபடும்படி இருக்கிற பொருளை நகர்த்த வேண்டும், தலைக்கடியில் மெத்தென்று எதையாவது வைக்க வேண்டும், ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், பிறகு அடங்கும்வரை நேரத்தைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் இருக்க வேண்டும். கத்தக் கூடாது. கையையும் வாயையும் வைத்துக்கொண்டு சும்மா இருப்பது எனக்குப் பாம்புக்கடியைவிடக் கஷ்டம். எப்படியோ சான்றிதழும் கிடைத்தது, சீட்டும் கிடைத்தது.

அந்த வாரமே கனகம்மாசத்திரம் பஸ் நிறுத்தத்தில் ஒரு பெண்ணுக்கு வலிப்பு. நாங்கள் போய் இறங்கியபோது புருஷன் அவள் இரண்டு கையையும் அமுக்கிப் பிடித்திருந்தான். அவனை விலக்கினேன். துண்டை மடித்துத் தலைக்கடியில் வைத்தேன், ஒருக்களித்துப் படுக்க வைத்தேன், வாட்சைப் பார்த்தேன். கூட்டம் சாவியைக் கேட்டது. தரமாட்டேன் என்றேன்.

"பாரேன், ஒரு சாவி குடுக்கறதுக்கு இந்தாளுக்கு மனசு வரல" என்றார் ஒரு கடைக்காரர். தன் கடைப் பூட்டைக் கொண்டுவந்து என்னைத் தாண்டி அவள் கையில் திணித்தார். கொஞ்ச நேரத்தில் அவள் அடங்கினாள். எல்லோரும் பூட்டைப் பாராட்டினார்கள். சட்டைப் பையில் இருந்த சான்றிதழை எடுத்துக் காட்டிக் கத்தலாம் போலிருந்தது. கத்தவில்லை. அவளை ஏற்றிக்கொண்டு வண்டியை எடுத்தேன்.

பின்னால் அவள் புருஷன் மச்சானிடம் மெதுவாகக் கேட்டது என் காதில் விழுந்தது.

"டிரைவர் புதுசாங்க?"

"ஆங், இப்பத்தான் பாஸ் பண்ணாரு."