மணி இல்லாத சைக்கிள்

நாற்பது வருடங்களுக்கு முன் இத்தாலியில் கையால் செய்த ரேஸ் சைக்கிள் ஒன்று என்னிடம் இருக்கிறது. மணி மாட்டினால் பால்காரர் வண்டி மாதிரி ஆகிவிடும் என்று மாட்டாமலே ஓட்டினேன். மனைவி எத்தனை முறை திட்டியும் கேட்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஒரகடம் சர்வீஸ் ரோட்டில் வேகமாக வந்துகொண்டிருந்தேன். நைட் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு பெண் எனக்கு முன்னால் நடந்து போனார். "ஓரம், ஓரம்!" என்று கத்தினேன். லாரி சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. பிரேக் பிடித்தும் இடித்துவிட்டேன். இருவரும் விழுந்தோம்.

எழுந்ததும் நான் ஓடியது சைக்கிளிடம். பெயின்ட் போயிருக்கிறதா, குழாய் நெளிந்திருக்கிறதா என்று தடவித் தடவிப் பார்த்தேன். பின்னாலிருந்து குரல் கேட்டது.

"வண்டிக்கு ஒண்ணும் ஆவலியே, சார்?"

திரும்பினேன். வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெண் இன்னும் தரையிலேயே உட்கார்ந்திருந்தார்.

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். நல்லவேளை, எலும்பு முறியவில்லை, சுளுக்குதான். "கம்பெனி லைன்ல கையாலதானே சார் வேலை, அதான் பயந்துட்டேன்" என்றார். அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

இப்போது சைக்கிளில் மணி இருக்கிறது. போன வாரம் தண்டலம் டீக்கடை வாசலில் நான் நிறுத்தியிருந்த சைக்கிள் தடுக்கி, ஒருவர் அதோடு சேர்ந்து விழுந்தார். "அடி ஏதும் படலியே?" என்று அவரைத் தூக்கிவிட்ட பிறகுதான் சைக்கிளைத் தூக்கினேன்.

அந்தப் பெண்ணிடம் நான் கேட்காமல் விட்ட கேள்வி அது.