கை கட்டாமல் ஒரு வாக்கியம்

ஷேர் ஆட்டோவில் ஆறு பேருக்கு நடுவே ஒடுங்கி உட்கார்ந்திருக்கும்போதும் ஜெர்சியின் வலது குதிகால் சும்மா இருப்பதில்லை. எழும், இறங்கும். உதடு அசைவது யாருக்கும் தெரியாது. மனதுக்குள் ஓடும் ஆங்கில வாக்கியத்தில் எந்த இடத்தில் அழுத்தம் விழ வேண்டுமோ அந்த இடத்தில் குதிகால் தரையைத் தொடும். தையல் மெஷின் மிதித்துப் பழகிய கால் என்று பக்கத்தில் இருப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள். பாதி சரிதான். ஒரகடத்தில் கார் இருக்கைகளுக்கு உறை தைக்கும் தொழிற்சாலையில், புதிதாகச் சேர்கிறவர்களுக்குக் கைப்பழக்கம் சொல்லித்தருவது அவள் வேலை.

இருபத்தெட்டு வயது, படப்பைக்காரி. இடது மணிக்கட்டில் வளையலுக்குப் பதில் நாலைந்து ரப்பர் பேண்டுகள். கைப்பையில் சின்னக் கண்ணாடி ஒன்று உண்டு. அது முகம் பார்க்க அல்ல, நாக்கைப் பார்க்க. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, சாப்பாடும் முடிந்ததும் மண்ணூருக்குக் கிளம்பிவிடுவாள். அதே தொழிற்சாலையில் தையல் சரிபார்க்கும் கங்கம்மாள் வீட்டு ஷீட் கொட்டகையில், பசு கட்டியிருக்கும் மூலைக்கு இந்தப் பக்கம், தையல் லைனில் வேலை செய்யும் பெண்களுக்கு இங்கிலீஷ் வகுப்பு.

எழுதி வைத்துப் படிக்கக் கூடாது என்பது அவளுடைய ஒரே சட்டம். "வாயி தனியா எதையும் கத்துக்காதுக்கா. ஒடம்பு கத்துக்கிச்சுன்னா அது பின்னாலயே வந்துரும்."

'ஸ்டிட்ச்' என்ற சொல்லுக்கு முன்னால் எல்லோரும் ஓர் 'இ' சேர்த்தபோது, உள்ளங்கையை வாய்க்கு எதிரே பிடிக்கச் சொன்னாள். "லைன்ல தூசி ஊதுற ஏர் கன்ன அழுத்துனா மொதல்ல இன்னா வரும்? காத்து. அந்தக் காத்து கைல படட்டும், அப்பால பேசு." அழுத்தம் வரும் இடத்தில் இரண்டு கட்டைவிரலுக்கும் நடுவே ரப்பர் பேண்டை இழுக்க வேண்டும், மற்ற இடத்தில் தளர விட வேண்டும். கங்கம்மாள் எல்லா இடத்திலும் இழுத்தாள். மூன்றாவது பேண்டும் அறுந்தது.

"எக்கா, அது லப்பரு. மாட்டுக் கயிறுன்னு நெனச்சீகளா?" என்றாள் பாண்டிச்செல்வி. ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்து, நான்கு பெண்களோடு அறை எடுத்துத் தங்கியிருப்பவள்.

"எங்க வூட்லயும் ஒரு ஜெர்சி கீது. அதுக்கு ஒரே எழுத்துதான் தெரியும், அத்த வெச்சே ஒரு வேளைக்கு அஞ்சு லிட்டர் குடுக்குது. இந்த ஜெர்சிதான் உசுர வாங்குது" என்றாள் கங்கம்மாள்.

ஜெர்சியும் சேர்ந்து சிரித்தாள். மாட்டுப் பெயர் என்று பள்ளிக்கூடத்தில் தொடங்கிய கிண்டல் அது. இப்போது செல்லமாகக் கூப்பிடுவது மாதிரி ஆகிவிட்டது.

ஆனால் அந்த ஞாயிறு சிரித்து முடிக்கிற ஞாயிறு இல்லை. கங்கம்மாளுக்கு நாற்பத்தாறு வயது. ஒன்பது வருடமாக ஒப்பந்தத் தொழிலாளி. செவ்வாய்க்கிழமை வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். தன் வேலை என்ன என்று அவர்களிடம் தானே சொல்லத் தெரிந்தவர்களின் பெயர்தான் நிரந்தரப் பட்டியலுக்குப் போகும் என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். சொல்ல வேண்டியது இரண்டே வாக்கியம்.

கங்கம்மாள் எழுந்து நின்றாள். கைகளை மார்பின் குறுக்கே கட்டினாள். "ஐ செக் எவ்ரி ஸ்டிட்ச். இஃப் ஒன் இஸ் லூஸ் ஐ ஸ்டாப் த லைன்." ஒரு எழுத்தும் பிசகவில்லை. வாய்ப்பாடு ஒப்பிக்கிற குரல். எல்லாச் சொற்களும் ஒரே உயரத்தில், பிரேயரில் நிற்கும் பிள்ளைகளைப் போல வந்தன.

எங்கே கோளாறு என்று ஜெர்சிக்குப் பிடிபடவில்லை. நாக்கு சரியாக இருந்தது, காற்றும் வந்தது. கண்ணாடியை எடுத்தாள், திரும்ப வைத்தாள்.

அப்போது பசு, கம்பத்தில் செருகியிருந்த காலண்டர்த் தாள் ஒன்றை நாக்கால் உருவியது. இரண்டு வாக்கியத்தையும் தமிழ் எழுத்தில் எழுதிக் கங்கம்மாள் ஒளித்து வைத்திருந்த தாள்.

"ஏய், வுடு அத்த. வாய எடு, எடுன்றேன்ல." ஒரு கை காற்றில் வீசியது, ஒரு கால் முன்னே போனது, 'வுடு'வில் தோள் குலுங்கியது. பசு பாதித் தாளோடு பின்வாங்கியது.

"அக்கா, இப்ப இன்னா பண்ணீங்க?"

"இன்னா பண்ணேன், மாட்ட வெரட்டுனேன்."

"கையக் கட்டிக்கினா வெரட்டுனீங்க?"

கங்கம்மாள் தன் கையைப் பார்த்தாள். "வாத்தியார் முன்னாடி, மேனேஜர் முன்னாடி கை தானா கட்டிக்கும்மா. மாட்டு முன்னாடி எதுக்குக் கட்டணும்?"

"சரி, அந்த இங்கிலீஷுக்கு அர்த்தம் சொல்லுங்க."

"ஒவ்வொரு தையலயும் பாப்பேன். ஒண்ணு லூசா இருந்தாலும் லைன நிறுத்திடுவேன்."

"நெஜமா நிறுத்துவீங்களா, சும்மா பேச்சுக்கா?"

"போன மாசம் ரெண்டு வாட்டி நிறுத்திக்கீறேன். சூப்பர்வைசர் குதிகுதின்னு குதிச்சான். போய்யா, பிரிஞ்ச தையல அனுப்ப மாட்டேன்னுட்டேன்."

"அந்த 'போய்யா' எங்கக்கா போச்சு இங்கிலீஷ்ல?"

ஜெர்சி இருக்கை உறைக்குப் பதிலாக ஒரு தலையணையைக் கொண்டுவரச் சொல்லி, ரப்பர் பேண்டையும் கண்ணாடியையும் பைக்குள் போட்டாள். விளக்கு வைக்கும் நேரம் வரை கங்கம்மாள் அந்தத் தலையணையின் தையலைத் தடவித் தடவிப் பேசினாள். "பஞ்சு வெளிய வர்ற வரைக்கும் விட மாட்டீக போல" என்றாள் பாண்டிச்செல்வி.

செவ்வாய்க்கிழமை. ஜெர்சி நின்ற பயிற்சி அறைக்கும் லைனுக்கும் நடுவே கண்ணாடிச் சுவர். அந்தப் பக்கத்துச் சத்தம் இங்கே வராது. வந்தவர்கள் மூன்று பேரும் கங்கம்மாள் முன்னால் நின்றார்கள். அவள் கைகள் மெதுவாக மேலேறின. மார்புக்கு வரும் வழியில் தயங்கி நின்றன.

பிறகு வலது கை இறங்கி இருக்கை உறையில் படிந்தது. தையலோடு நகர்ந்தது. ஓரிடத்தில் விரல் அழுந்தி நிற்க, தோள் நிமிர்ந்தது; கை நேராக லைனை நிறுத்தும் சிவப்புப் பொத்தானுக்கு நீண்டது. வந்தவர்களில் உயரமானவர் அந்தப் பொத்தானைப் பார்த்தார், விரல் நின்ற இடத்தைக் குனிந்து பார்த்தார், ஏதோ கேட்டார். அது வகுப்பில் பழகாத கேள்வியாகத்தான் இருக்க வேண்டும். கங்கம்மாள் இரண்டு கைகளாலும் பதில் சொன்னாள். அவர் தலையசைத்தார். சூப்பர்வைசர் கையிலிருந்த பட்டியல் அட்டையை நிமிர்த்தி, அவள் சட்டையில் இருந்த பெயரைப் பார்த்து எழுதினார்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஜெர்சி அப்போதுதான் கவனித்தாள். தன் இரண்டு கைகளும் மார்பின் குறுக்கே இறுகக் கட்டியிருந்தன. ஒவ்வொன்றாகப் பிரித்துத் தொங்கவிட்டாள்.