டிரையருக்குள் வைத்த சவ்வு

தண்ணீரை மின்சாரத்தால் ஐதரசன், ஒட்சிசன் என்று பிரிக்கும் கலத்தின் நடுவே மெல்லிய பொலிமர் சவ்வு ஒன்று இருக்கும். இரண்டு வாயுக்களும் கலந்து வெடிக்காமல் காப்பது அதுதான். கொதிக்கும் தண்ணீரை விட அதிகச் சூட்டில் அது எவ்வளவு காலம் தாக்குப்பிடிக்கும் என்பதே பேராதனைப் பல்கலைக்கழகத்தில் என் ஆராய்ச்சி. நான் அதைத் தொடங்கிய நேரம் பார்த்து நாட்டில் மின்வெட்டு வந்தது. ஆய்வுகூட அடுப்பு சூடேறும், உடனே கரண்ட் போகும்.

மடுல்கெல்லத் தேயிலைத் தொழிற்சாலையில் இலையை உலர்த்தும் டிரையரைக் கவனிக்கும் சித்தப்பாதான் வழி சொன்னார். "எங்க அடுப்பு வெறகுல எரியுது. கரண்ட் போனாலும் ஜெனரேட்டர் ஓடும். ஒன் டப்பாவ இங்க கொண்டாந்து வைம்மா."

சவ்வையும் தண்ணீரையும் உருக்குக் குடுவையில் இறுக்கி மூடி, பன்வில வழியாகப் போகும் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். தேயிலைத் தயாரிப்புக்குப் பொறுப்பான டீமேக்கர் குடுவையைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"இது வெடிக்குமா?"

"வெடிக்காம இருக்கத்தான் சேர் இந்த ஆராய்ச்சியே."

அந்தப் பதில் அவருக்கு ஆறுதல் தரவில்லை. ஆனாலும் சூடான காற்று வரும் அறையில் ஒரு மூலை கொடுத்தார். வாரக்கணக்கில் அது அங்கேயே இருந்தது. நான் பார்க்கப் போகும்போதெல்லாம் கொழுந்து நிறுக்க வரும் அக்கா ஒருவர் விசாரிப்பார்.

"என்னா புள்ள, வெந்துருச்சா?"

"இல்லக்கா. அது வேகக்கூடாது."

"அப்ப எதுக்கு வேக வைக்கிற?"



ஆறிய குடுவையோடு கிளம்பிய நாளில் காவலாளி கேட்டில் மறித்தார். டிரையரிலிருந்து வெளியே போவதெல்லாம் அவர் கணக்கில் தேயிலை. தேயிலை என்றால் தரம் எழுதிய துண்டுச்சீட்டு வேண்டும். டீமேக்கர் வந்து குடுவையைத் திறக்கவைத்து, பழுப்பேறிய சவ்வை வெளிச்சத்தில் பார்த்தார், முகர்ந்தார், தேயிலையில் கடைசித் தரமான 'டஸ்ட்' என்று எழுதிக் கொடுத்தார்.

காவலாளிக்கு இப்போது புதுச் சந்தேகம். "டஸ்ட்டுன்னா தூளால்ல இருக்கணும்? இது தாளு மாரி இருக்கே."

நான் வாயைத் திறப்பதற்குள் மூட்டை குத்திப் பார்க்கும் கம்பியால் சவ்வின் நடுவில் ஒரு குத்து.

"உள்ள ஒண்ணும் இல்ல. போங்க மிஸ்."

பஸ்ஸில் அழுகையும் சிரிப்பும் மாறி மாறி வந்தன. மறுநாள் ஓட்டையை விட்டுத் தள்ளி, ஓரத்தில் சிறு வட்டம் வெட்டிக் கலத்தில் பொருத்தினேன். வாயுக்கள் கலக்கவில்லை. சவ்வு தாங்கியிருந்தது!

யாழ்ப்பாணத்துக்காரரான என் பேராசிரியர் மிச்சத் துண்டைத் தூக்கிப் பார்த்தார். "இந்த ஓட்டை எத்தினை பாகைச் சூட்டில வந்தது?"

"சூட்டுல வரல்ல சேர். கேட்டுல வந்தது."

அவர் சிரிக்கவேயில்லை. "ஓம். இன்னொரு துண்டு கொண்டுபோய் வையும். காவலாளியிட்ட முதலே சொல்லிப்போடும்."