மஞ்சள் பெட்டியும் மலையில் கேட்கக் கூடாத கேள்வியும்

வீட்டில் யாராவது கண்ணிலிருந்து மறைந்தால் எனக்கு இருப்புக் கொள்ளாது. ஹட்டனுக்குச் சாமான் வாங்கப் போன அப்பா வழக்கமான பஸ்ஸில் வந்து இறங்காவிட்டால், நான் தேயிலைத் தோட்டத்து வாசலுக்கும் நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீட்டுக்கும் நடையாய் நடப்பேன். "ஒனக்குக் காலுல சக்கரம் கட்டியிருக்கு" என்று அப்பா கேலி செய்வார். எனக்குச் சிரிப்பு வராது, கோபம்தான் வரும்.

இந்தப் பதற்றம் பிறவியிலேயே வந்ததல்ல. தொண்ணூறுகளில் ஒரு விடியற்காலையில் ஆமிக்காரர்கள் எங்கள் லயத்தைச் சுற்றி வளைத்தார்கள். தம்பிக்கு அப்போது பழுதான ரேடியோக்களைப் பிரித்துப் பார்க்கும் பைத்தியம். பாயில் வயர்களைப் பரப்பி வைத்துவிட்டுப் பக்கத்திலேயே தூங்கியிருந்தான். அந்த வயர்களைப் பார்த்து, குண்டு செய்கிறான் என்று அவனை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எங்கே கொண்டுபோனார்கள் என்று கேட்டு அப்பா ஏறாத படி இல்லை. பதில்தான் இல்லை. மகன் உயிரோடு திரும்பி வந்தால் வருஷா வருஷம் சிவனொளிபாத மலை ஏறுகிறேன் என்று நேர்ந்துகொண்டார். தம்பி மெலிந்து போய்த் திரும்பி வந்தான். அப்பா ஒரு வருஷமும் தவறாமல் ஏறினார்.

பிறகு அவருக்கு நெஞ்சு வலி வந்தது. கண்டியில் பார்த்த டொக்டர், மாடிப்படிகூட ஏற வேண்டாம் என்றார். அந்த வருஷம் அப்பா மலைக்குப் போகவில்லை. போகாத அந்த வருஷம் முழுவதும் வீட்டில் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வாசலில் நின்றால் தூரத்தில் மலை தெரியும். அவர் மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருவார். அடுத்த மார்கழி பிறந்ததும் என்னைக் கூப்பிட்டு, "இந்த வருசம் போறேன். நீ ஆமான்னாலும் போறேன், இல்லைன்னாலும் போறேன்" என்றார். நான் சண்டை போட்டேன், இரண்டு நாள் பேசாமல் இருந்தேன், எதுவும் எடுபடவில்லை.

அப்படியென்றால் நானும் வருகிறேன் என்றேன். பிறந்ததிலிருந்து அந்த மலையைப் பார்த்துக்கொண்டே இருந்தவள் ஒரு தடவைகூட ஏறியதில்லை. அம்மா படுக்கையில் இருந்தவரை அவரோடு நான் வீட்டில் நிற்பேன், மற்றவர்கள் போவார்கள். இந்தமுறை லயத்துக் கூட்டம் ஒரு வான் வண்டி நிறையப் புறப்படும். இளசுகள் முன்னால் ஓடுவார்கள், அப்பா கடைசியில் மெதுவாக வருவார். நடுவில் அவருக்கு ஏதாவது ஆனால் முன்னால் போகிறவர்களுக்கு எப்படித் தெரியும்? அந்தப் பக்கம் கைபேசியை எடுத்துப் பார்த்தால் சிக்னல் கோடே இருக்காது. அப்போதுதான் வோக்கி டோக்கி வாங்கும் யோசனை எனக்கு வந்தது.

போர்நிறுத்தம் வந்து சோதனைச் சாவடிகள் குறைந்திருந்த காலம் அது. கொழும்பில் கடையில் வேலை பார்த்த தம்பியோடு புறக்கோட்டையில் கடை கடையாக ஏறி இறங்கினேன். முதல் கடையில் காட்டியது சின்னப் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான், கடைக்கு வெளியே போனதுமே செத்துப்போனது. அடுத்த கடையில் கறுப்பில் ஒன்று, நீளமான அன்டெனாவோடு, தூக்கினால் செங்கல் கனம். கடைக்காரர் அதைப் புகழ்ந்து தள்ளினார். தம்பி அதைத் தொடவே இல்லை. "ஆமிக்காரங்க கையில இருக்கிற மாதிரியே இருக்குக்கா, இது வேணாம்" என்று மெல்லச் சொன்னான். அவன் குரலைக் கேட்டதும் அதைத் திருப்பி வைத்தேன். உடனே வெளியே வந்துவிட்டோம்.

கடைசியில் வாங்கியது மஞ்சள் நிறத்தில் மூன்று. உள்ளங்கையில் அடங்கும், அன்டெனா சுண்டுவிரல் அளவு. தூரத்திலிருந்து பார்த்தாலும் யாரும் தப்பாக நினைக்க முடியாத நிறம். அதற்காகத்தான் அதை எடுத்தோம். "லைசன் ஒண்ணும் தேவையில்லங்க, பெட்டியிலயே போட்டிருக்கு" என்றார் கடைக்காரர். வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டியபோது அப்பா பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எந்த நாட்டுக்கு வேணாம்னு போட்டிருக்கான்?" என்று கேட்டார். அன்று முழுக்க அந்தக் கேள்வி என்னை அரித்தது.

மறுநாள் நான் பாடம் எடுக்கும் பள்ளிக்கூடம் விட்டதும் நேரே பொலிஸுக்குப் போனேன். கையில் சாக்லட் பெட்டி மாதிரி அதை வைத்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த சிங்களத்தில், அப்பாவுக்கு நெஞ்சு வருத்தம், மலைக்குப் போகிறோம், இதைக் கொண்டுபோகலாமா என்று கேட்டேன். அங்கிருந்த சார்ஜன்ட் ஒன்றை என் கையில் கொடுத்து வெளியே போகச் சொல்லிவிட்டு, மற்றதில் என்னோடு பேசிப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு. "மேக்க செல்லம் படுவக்னே" என்றார், இது விளையாட்டுச் சாமான்தானே என்று. அதன் பிறகும் எனக்கு முழு நிம்மதி வரவில்லை. வான் வண்டியில் அதை வெளியே தெரியும்படி மடியிலேயே வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தேன்.

அதைப் பழக்கத்துக்குக் கொண்டுவருவது தனிப் பாடு. ஐந்து கிலோமீட்டர் பேசலாம் என்று பெட்டியில் இருந்தது. லயத்தில் அப்பாவை நிறுத்திவிட்டு நான் பேசிக்கொண்டே நடந்தேன். ரோடு திரும்பி, தேயிலை மேடு ஒன்று நடுவில் வந்ததும் சத்தம் அறுந்தது. அடுத்த மேட்டில் ஏறி நின்றால் திரும்பவும் காதுக்குள் பேசுவதுபோல் கேட்டது. ஒன்றையொன்று பார்க்கிற மாதிரி இடத்தில் நின்றால்தான் அது பேசும் என்று அப்படிப் புரிந்தது. மூன்றிலும் ஒரே சேனலை வைத்தும் தம்பிக்கு வைத்திருந்தது மட்டும் ஊமையாக இருந்தது. சேனலுக்குள் இன்னொரு எண் இருக்கிறது, அதுவும் மூன்றிலும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கண்டுபிடிக்கவே ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது. பட்டனைத் தொடாமல் சத்தம் கேட்டாலே தானாகப் பேசுகிற வசதியும் அதில் இருந்தது. அதைப் போட்டால் அப்பாவின் இருமலும் பக்கத்து வீட்டுச் சேவலும் ஓயாமல் வந்தன. அதை நிறுத்திவிட்டேன். குளிரில் பெட்டரி சீக்கிரம் இறங்கும் என்று தம்பி சொன்னதால் ஆளுக்கு ஒரு ஜோடி புதுப் பெட்டரியைத் துணியில் சுற்றிக் கொடுத்தேன்.

"அமுக்கினா பேசணும், விட்டுட்டுக் கேக்கணும். நான் கேட்டா எங்க இருக்கீங்கன்னு ஒடனே சொல்லணும்" என்று அப்பாவுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னேன். லயத்தில் ஒழுங்காகச் சொன்னார். கோயிலடியில் இருக்கேன், தண்ணி பிடிக்கிற பீலிக்கரையில் இருக்கேன், ஸ்டோரைத் தாண்டிட்டேன் என்று சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷமாகச் சொன்னார். அவர் இத்தனை காலம் வேலை பார்த்த தேயிலைத் தொழிற்சாலையைத்தான் ஸ்டோர் என்போம்.

மஸ்கெலியா தாண்டி வான் மலையடிவாரத்து நல்லதண்ணி ஊரை நெருங்கும்போது அப்பா என் பக்கம் திரும்பினார்.

"பாப்பா, நீ மொதத் தடவ ஏறுற. மலையில கால் வச்சப்பறம் எங்க வந்திருக்கோம், இன்னும் எவ்வளவு தூரம்னு கேக்கக்கூடாது. கேட்டாலும் யாரும் சொல்லக்கூடாது."

"அதெல்லாம் சும்மா கால் வலிக்கிறவங்களுக்குச் சொல்றதுப்பா" என்றேன் நான். லயத்தில் எங்களுக்குப் பக்கத்துக் காம்பரா வீட்டில் இருக்கும் மாமா, அப்பாவோடு கடைசியில் வருவதற்கு ஒத்துக்கொண்டவர், என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

இரவில் ஏறினால் கூட்டம் நெரியும் என்று பகலிலேயே ஏறத் தொடங்கினோம். மேலே தங்கி விடிந்ததும் சூரியனைப் பார்த்துவிட்டு இறங்குவது திட்டம். முன்னால் தம்பி, நடுவில் நான், பின்னால் அப்பா, ஆளுக்கொரு மஞ்சள் பெட்டி. அப்பாவோடு சேர்ந்து நடக்கத்தான் எனக்கு ஆசை. "நீ பக்கத்துல வந்தா என் மொகத்தப் பாத்துப் பாத்தே எனக்கு வலி வர வச்சிருவ" என்று விரட்டிவிட்டார்.

தட்டையான பாதை முடிந்து படிகள் தொடங்கிய இடத்தில் பட்டனை அமுக்கினேன். "அப்பா, எங்க வந்திருக்கீங்க?"

கொஞ்ச நேரம் இரைச்சல். பிறகு குரல் வந்தது. "மலையில இருக்கோம்."

"மலையிலன்னா எங்கப்பா?"

"சாமி மலையில."

எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. இதற்காகவா புறக்கோட்டையெல்லாம் அலைந்தேன்? கொஞ்சம் ஏறிவிட்டு மறுபடியும் கேட்டேன். "எனக்கும் ஒங்களுக்கும் எவ்வளவு தூரம் இருக்கும்?" இந்தமுறை "சிவசிவா" என்று மட்டும் கேட்டது. மூன்றாம் முறை கேட்டபோது ஒன்றுமே வரவில்லை. தம்பியைக் கூப்பிட்டுப் பார்த்தேன். இளசுகள் அதில் கிரிக்கெட் வர்ணனை செய்து விளையாடிக்கொண்டே போயிருந்தார்கள். நான் கொடுத்த மாற்றுப் பெட்டரியும் முடிந்திருக்க வேண்டும், அவனும் ஊமை.

ஒரு தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்து அப்பாவுக்காகக் காத்திருந்தேன். கடைக்குள் சரியாகக் கேட்காதோ என்று சந்தேகம். கடைக்குப் பின்னால் ஒரு பாறை மேடு இருந்தது. அதில் ஏறி நின்று நாலு பக்கமும் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பிடித்துக் கூப்பிட்டேன். பதில் இல்லை. திரும்பி வந்து இன்னும் கொஞ்சம் காத்திருந்தேன். ஊன்றுகோலோடு வந்த கிழவிகளும் கைக்குழந்தையைத் தூக்கி வந்தவர்களும்கூட என்னைத் தாண்டிப் போனார்கள். அப்பாவைக் காணவில்லை.

அதற்குமேல் என்னால் உட்கார முடியவில்லை. ஏறி வந்த படிகளில் இறங்கத் தொடங்கினேன். ஏறுகிறவர்கள் எல்லாரும் என்னை ஒருமாதிரி பார்த்தார்கள். நீலக் கம்பளித் தொப்பி போட்ட வயசானவரைப் பார்த்தீர்களா என்று தமிழிலும் சிங்களத்திலும் கேட்டுக்கொண்டே இறங்கினேன். சிலர் இல்லை என்றார்கள். ஒரு சிங்கள அம்மா என் தலையைத் தடவி "கருணாவாய்" என்று வாழ்த்திவிட்டு ஏறிப் போனார். வழியோரத்தில் யாராவது படுத்திருந்தால் ஓடிப்போவேன். கிட்டப் போய்ப் பார்த்தால் வேறு யாரோ கால் நீட்டி இளைப்பாறிக்கொண்டிருப்பார்கள்.

கீழே பௌத்தரின் வெள்ளைத் தாதுகோபத்தருகே ஒரு முதலுதவிக் கூடாரம் இருந்தது. அங்கேயும் அப்படி யாரையும் கொண்டுவரவில்லை என்றார்கள். அது நல்ல செய்திதான். எனக்கோ அழுகை வந்துவிட்டது. தம்பியை ஏற்றிக்கொண்டு போன காலையில் அப்பா ரோட்டில் நின்று ஒவ்வொரு வாகனமாக மறித்து, எங்கே, எங்கே என்று கேட்டது ஞாபகம் வந்தது. அந்தக் கேள்வியை அவர் ஒரு வாழ்நாளுக்குப் போதுமான அளவு கேட்டுவிட்டார். மலையிலாவது அதைக் கேட்காமல் இருக்கத்தான் அவர் வருகிறாரோ என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது.

பெட்டியை வாய்க்குக் கிட்டே பிடித்து அமுக்கினேன். "அப்பா, நான் எங்கன்னு கேக்கல. தூரமும் கேக்கல. நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். பட்டன மட்டும் ஒரு தடவ அமுக்குங்க, போதும்."

விட்டுவிட்டுக் காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. எனக்கு நேரே மலையின் உச்சி மேகத்துக்குள் இருந்தது. திடீரென்று பெட்டி இரைந்தது. காற்றுச் சத்தம், யாரோ சிரிக்கிற சத்தம், அதற்குள் மணிச் சத்தம். ஒரு தடவை, இன்னொரு தடவை, பிறகு நிற்காமல். எத்தனை வருஷம் ஏறினோமோ அத்தனை தடவை உச்சியில் மணி அடிப்பார்கள். ஏறி முடித்தவர்கள்தான் அதை அடிக்கலாம். நான் பாறை மேட்டில் நின்று அவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் அப்பா கடையைத் தாண்டி எனக்கு முன்னால் போயிருக்கிறார். போன உயிர் திரும்பி வந்தது எனக்கு. எண்ணத் தோன்றவில்லை, அப்படியே கேட்டுக்கொண்டிருந்தேன்.

மணி நின்றதும் மூச்சு வாங்கிக்கொண்டே அப்பா பேசினார். "ஒனக்கும் சேத்து அடிக்கச் சொல்றான் தம்பி. மாட்டேன்னுட்டேன். நீ வந்துதான் அடிக்கணும். நான் இங்கேயே ஒக்காந்திருக்கேன்." கொஞ்சம் நிறுத்தினார். ஏறி முடித்தவருக்கு இனிக் கேட்கத் தடையில்லை போலிருக்கிறது. "நீ எங்க இருக்க பாப்பா?"

வான் நின்ற இடம் எனக்குப் பின்னால் கொஞ்ச தூரத்தில்தான் இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பட்டனை அமுக்கினேன்.

"மலையில இருக்கேம்ப்பா" என்று சொல்லிவிட்டு, திரும்பவும் ஏறத் தொடங்கினேன்.